நைதரசனின் இரு சமதானிகளும் அவற்றை ஒளியால் அளக்கும் முறையும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருகவெனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். பயிற்றப்பட்ட தமிழாசிரியராகிய யாம் இலக்கணமும் செய்யுளுங் கற்பித்து வந்தோமேயன்றி, இரசாயன ஆய்வுகூடத்தின் வாயிலை அதிகம் மிதித்தறியோம். ஆயினும் ஈண்டு எழுதப் புகுந்தது ஒரு விஞ்ஞானப் பொருளே. அதற்குக் காரணம் மாணவனொருவன் எம்மிடங் கேட்ட வினா.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. தடை நீங்கிய பின்னரும் உரத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. உரமின்றி விளைவில்லை என்றனர் ஒரு சாரார். உரம் மண்ணையும் நீரையுங் கெடுத்தது என்றனர் மற்றொரு சாரார். அக்காலத்தில் ஒரு நாள் கமத்தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு வகுப்பிற் பணித்தோம். கமக்காரர் ஒருவரின் மகனாகிய மாணவன் எழுந்து நின்று, “சேர், வயலில் இட்ட உரத்தில் எவ்வளவு நெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு வீணானது என்று எப்படிச் சொல்லலாம்? நெல்லுக்குள் இருப்பது உரத்தின் நைதரசனா, மண்ணின் நைதரசனா என்று அதில் எழுதியா இருக்கிறது?” என்று கேட்டான்.

அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. தெரியாதென்று சொல்லி, பின்னர் இரசாயனங் கற்பிக்கும் நண்பரிடம் யாமே மாணவராய் அமர்ந்து பாடங் கேட்டோம். அம்மாணவன் கேட்டபடியே நைதரசனில் எழுதவும் முடியும், எழுதியதை ஒளியினால் வாசிக்கவும் முடியும் என அறிந்தபோது எமக்கு உண்டான வியப்பை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமதானி என்பது யாது?

ஒரு மூலகத்தின் இயல்பை வரையறுப்பது அதன் அணுக்கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கையாகும். நைதரசனுக்கு அஃது ஏழு. ஆனால் அக்கருவிலுள்ள நியூத்திரன்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஏழு நியூத்திரன்களைக் கொண்டது நைதரசன்-14; எட்டைக் கொண்டது நைதரசன்-15. இரண்டும் மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்வன. ஆதலின் 1913 இல் பிரடெரிக் சொடி என்னும் விஞ்ஞானி, ‘ஒரே இடம்’ எனப் பொருள்படுங் கிரேக்கச் சொற்களால் இத்தகையவற்றுக்குப் பெயரிட்டார். அப்பெயரை அவருக்குக் கூறியவர் மாகிரட் தொட் என்னும் பெண் மருத்துவர். நம் நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் ‘சமதானி’ என்னுஞ் சொல்லும் ‘சம தானத்தில் உள்ளது’ என்றே பொருள்படும். பொருளுணர்ந்து ஆக்கப்பட்ட நல்ல சொல்லென்க.

இயற்கையில் நைதரசன்-15 மிக அருமையானது. நாம் மூச்சிழுக்குங் காற்றிலுள்ள நைதரசனில் 273 அணுவுக்கு ஒன்றே, அஃதாவது நூற்றுக்கு 0.366 பங்கே, பாரமான இவ்வகையைச் சேர்ந்தது. அதன் இருப்பை 1929 இல் வெளிப்படுத்தியவர் தென்னாபிரிக்கரான நோடே என்பவர். நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவின் நிறமாலையை ஆராய்ந்தே அவர் அதனைக் கண்டார். நைதரசன்-15 முதன்முதல் உலகுக்குத் தெரியவந்ததே ஒளியின் வாயிலாக என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அடையாளமிட்ட நைதரசன்

நைதரசனின் அளவை அறிவதற்குப் பழைய முறைகள் உள. கொப்பன்கேகனில் 1883 இல் கெல்தால் என்பவர் வகுத்த முறை இன்றும் வழக்கிலுள்ளது. மாதிரியைச் செறிந்த சல்பூரிக்கமிலத்திற் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கி வடித்து அளப்பர். இம்முறை ‘எவ்வளவு’ என்ற வினாவுக்கு விடை தரும். ‘எங்கிருந்து வந்தது’ என்ற வினாவுக்கு விடை தராது. ஒரு குடத்தில் இரண்டு கிணற்று நீரை ஊற்றிய பின், குடத்தை நிறுத்துப் பார்த்து எந்தக் கிணற்று நீர் எவ்வளவு என்று சொல்ல முடியுமோ?

ஒரு கிணற்று நீரில் முன்னரே அடையாளம் இட்டுவிட்டால் சொல்ல முடியும். நைதரசன்-15 செறிந்த உரமே அவ்வாறு அடையாளமிட்ட உரமாகும். பயிருக்கு இரு சமதானிகளிடையேயும் வேற்றுமை பெரிதாகத் தோன்றுவதில்லை. இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உறிஞ்சும். ஆனால் அளப்பவனுக்கு அவை வெவ்வேறாகத் தோன்றும். பயிரை ஏமாற்றாது, பயிருக்குத் தெரியாது, அது உண்டதன் சுவட்டைப் பின்தொடரும் வழி இதுவே.

கதிர்த்தொழிற்பாடுடைய நைதரசனைக் கொண்டு இவ்வேலையைச் செய்யலாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். பொசுபரசுக்குப் பதினான்கு நாள் அரைவாழ்வுள்ள கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானி உண்டு. நைதரசனுக்கோ, அவ்வகையில் நெடுநேரம் நிலைப்பதாகிய நைதரசன்-13 இன் அரைவாழ்வுக் காலமும் ஏறத்தாழப் பத்து நிமிடந்தான். விதைத்து, முளைத்து, கதிர்விட்டு, அறுக்கும் வரை காத்திருக்க வேண்டிய பயிருக்கு அது பயன்படாது. அழியாது நிற்பதாகிய நைதரசன்-15 ஒன்றே துணை. அது கதிர் வீசாதாகையால் கருப்பிணிகளிடத்துங் குழந்தைகளிடத்துங் கூட அஞ்சாது கையாளத்தக்கது. 1930களின் பிற்பகுதியில் உருடொல்பு சோன்கைமர் என்பவர் நியூயோக்கில், நைதரசன்-15 அடங்கிய அமினோவமிலங்களை எலிகளுக்கு ஊட்டி, உடற்புரதம் ஓயாது அழிந்தும் ஆகியும் வருவதென்பதை நிலைநாட்டினார். வளர்ந்த உடல் கட்டிமுடித்த வீடு போன்றதென எண்ணியிருந்த உலகுக்கு அது புதுமையாயிற்று.

ஒளி காலும் வாயு

இனி அளக்கும் முறைக்கு வருவோம். ஒளியை வெளிவிடுதலை நம் பாடநூல்கள் ‘காலல்’ என்றும் தமிழகத்து நூல்கள் ‘உமிழ்தல்’ என்றும் வழங்கும். கால்தல் என்பது கக்குதல், வெளிப்படுத்தல் எனப் பொருள்படும் பழந்தமிழ் வினையே.

நைதரசன் வாயுவின் மூலக்கூறொன்றில் அணுக்கள் இரண்டு இணைந்துள்ளன. எனவே மூன்று வகை மூலக்கூறுகள் அமையும். இரண்டும் இலேசானவையாயின் திணிவு 28. ஒன்று இலேசானதும் ஒன்று பாரமானதுமாயின் 29. இரண்டும் பாரமானவையாயின் 30. இணைந்த அணுக்கள் இரண்டும் வில்லினாற் பிணித்த இரு குண்டுகள் போல இடையறாது அதிர்வன. பாரங் கூடிய இணை மெதுவாக அதிரும். இவ்வதிர்வின் வேறுபாடு மூலக்கூறு காலும் ஒளியின் அலைநீளத்திலும் வெளிப்படும்.

நைதரசனைச் சிறு குழாயிற் குறைந்த அமுக்கத்தில் அடைத்து, உயர்மீடிறனுள்ள மின்புலத்தில் வைத்தால் அது ஒளிரும். அவ்வொளியைப் பிரித்துப் பார்க்குமிடத்து, கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த பகுதியிலே மூன்று பட்டைகளின் விளிம்புகள் அடுத்தடுத்துத் தோன்றும். 28 க்கு உரியது 297.7 நனோமீற்றரிலும், 29 க்கு உரியது 298.3 இலும், 30 க்கு உரியது 298.9 இலும் அமையும். ஒன்றுக்கொன்று இடைவெளி ஏறத்தாழ 0.6 நனோமீற்றரே. ஆயினும் நல்ல நிறமாலைமானிக்கு அவ்விடைவெளி போதும். ஒளியை மின்னோட்டமாக்கிப் பெருக்குங் குழாயொன்று ஒவ்வொரு விளிம்பின் செறிவையும் அளக்க, வரைகருவி அவற்றை மூன்று சிகரங்களாகத் தாளில் வரையும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பற்றி இலக்கியத்திற் படித்திருக்கிறோம். இங்கே ஒளியே அன்னமாகிறது. வாயுவைப் பிரிக்காமலே அதன் கூறுகளைப் பிரித்துக் காட்டுகிறது.

இவ்வழியில் நைதரசனின் சமதானிகளை அளத்தலை ஐக்கிய அமெரிக்காவில் பிரொயிடா, சப்மன் என்னும் இருவர் 1958 இல் வெளியிட்ட ஆய்வு நன்கு விளக்கியது. பின்னர் செருமனியின் இலைப்சிக் நகரிலும் யப்பானிலும் இதற்கென்றே கருவிகள் செய்யப்பட்டன. அக்காலத்துத் திணிவுநிறமாலைமானிகள் விலை மிக்கவை. அவற்றிற் பலவற்றுக்கு மில்லிகிராம் அளவான நைதரசனும் வேண்டியிருந்தது. ஒளிமுறைக்கோ பத்து மைக்கிரோகிராமும் மிகுதி. ஒரு மைக்கிரோகிராமிலும் குறைந்ததைக் கொண்டும் வேலைசெய்வர். ஒரு நெல்மணியிலுள்ள நைதரசன் சில நூறு மைக்கிரோகிராமாகும். ஆகவே ஒரே நெல்மணியைக் கொண்டு பல அளவீடுகள் செய்யலாம். குழந்தையின் ஒரு துளி இரத்தம், வேரிலுள்ள ஒரு சிறு முடிச்சு, தாளிற் பிரித்தெடுத்த தனி அமினோவமிலத்தின் ஒரு புள்ளி ஆகியனவும் இம்முறைக்குப் போதிய மாதிரிகளாம்.

மாதிரியை ஆயத்தஞ் செய்தல்

பயிரின் நைதரசனை முதலிற் கெல்தால் முறையால் அமோனியம் உப்பாக்கி, அதன் கரைசலில் ஒரு துளியை ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் இட்டு உலர்த்துவர். அதனுடன் செப்பு ஒட்சைட்டையுங் கல்சியம் ஒட்சைட்டையுஞ் சேர்த்து, குழாயிலுள்ள காற்று முழுவதையும் வெளியேற்றி, வாயைச் சுவாலையில் உருக்கி மூடுவர். பின்னர் ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் சில மணிநேரம் சூடாக்குவர். செப்பு ஒட்சைட்டு மாதிரியை ஒட்சியேற்றி நைதரசனை வாயுவாக விடுவிக்கும். கல்சியம் ஒட்சைட்டு நீராவியையுங் காபனீரொட்சைட்டையும் பற்றிக்கொள்ளும். எஞ்சுவது தூய நைதரசன் வாயுவே. அதே குழாயை அப்படியே மின்புலத்தில் வைத்து ஒளிரச் செய்யலாம்.

ஒரு மில்லிலீற்றர் கொள்ளளவுள்ள குழாயில் 10 மைக்கிரோகிராம் நைதரசன், ஏறத்தாழ ஆறரை மில்லிமீற்றர் இரச அமுக்கத்தை உண்டாக்கும். ஒளிர்வதற்கு அஃது ஏற்ற அமுக்கமே. நைதரசன் இதனினும் மிகக் குறைவாயின், ஈலியம் போன்ற சடத்துவ வாயுவைச் சேர்த்து அமுக்கத்தைச் சரிசெய்வர்.

கணக்கு

கணக்கு எளிது. வெள்ளை மணியும் சிவப்பு மணியுங் கலந்த பெட்டியிலிருந்து இரண்டிரண்டாக மணிகளை எடுப்பதாகக் கொள்க. சிவப்பின் பங்கு அரிதாயின், வெள்ளை இணைகள் பலவும், கலப்பு இணைகள் சிலவும், சிவப்பு இணைகள் மிகச் சிலவுமாக வரும். அதுபோலவே 28, 29, 30 ஆகிய மூலக்கூறுகளும் வரும். பின்னணி ஒளியைக் கழித்தபின் 28 இன் சிகரத்தை 29 இன் சிகரத்தால் வகுத்து வரும் ஈவை இரட்டித்து, ஒன்று கூட்டி, அத்தொகையால் நூறை வகுத்தால், நைதரசன்-15 இன் நூற்றுவீதம் கிடைக்கும்.

மாதிரிக் கணக்கொன்று செய்வோம். ஈவு 45 எனின், இரட்டித்து ஒன்று கூட்ட 91. நூறை அதனால் வகுக்க 1.099. இதிலிருந்து இயற்கையளவாகிய 0.366 ஐக் கழித்தால் மிகை 0.733. இட்ட உரத்தின் மிகை 5.0 ஆக இருந்ததெனின், 0.733 ஐ 5.0 ஆல் வகுக்க, பயிரிலுள்ள நைதரசனில் நூற்றுக்கு 14.7 பங்கு உரத்திலிருந்து வந்ததாகும். பயிர் முழுவதும் எக்டேயருக்கு 80 கிலோகிராம் நைதரசனை எடுத்திருந்தால், அதில் 11.7 கிலோகிராம் உரத்தினது. இட்டது 40 கிலோகிராமாயின், பயிருக்குச் சேர்ந்தது நூற்றுக்கு 29 பங்கு. மாணவன் கேட்ட வினாவுக்கு விடை இவ்வாறுதான் பெறப்படும்.

சிறுமையால் வருந் துன்பம்

சிறு மாதிரி என்பது வசதியும் ஆகும், அபாயமும் ஆகும். நம்மைச் சூழ்ந்த காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. ஒரு மைக்கிரோகிராம் நைதரசன், ஒரு கனமில்லிமீற்றருக்குச் சற்றே கூடிய காற்றில் அடங்கிவிடும். அஃதாவது கடுகளவு காற்று. அக்காற்று 10 மைக்கிரோகிராம் மாதிரியிற் புகுந்தால், முற்கூறிய மிகை 0.733 இலிருந்து 0.666 ஆகக் குறையும். ஒரு மைக்கிரோகிராம் மாதிரியிற் புகுந்தாலோ மிகை பாதியாகிவிடும். கமக்காரனின் உரம் பயிருக்குச் சேரவில்லையென்று குழாயில் நுழைந்த கடுகளவு காற்று பொய்ச்சாட்சி சொல்லும்!

வேறு இடர்களும் உள. காபனீரொட்சைட்டு முற்றாக நீங்காவிடின், காபனோரொட்சைட்டின் பட்டைகள் நைதரசனின் பட்டைகளோடு கலந்து அளவைக் கெடுக்கும். முன் வடித்த மாதிரியின் எச்சம் வடிகருவியில் தங்கி, பின்வரும் மாதிரியைக் கறைப்படுத்தும். ஆகவே மாதிரிக்கு மாதிரி கருவியைக் கழுவி வடித்தல் வேண்டும். குழாயின் சுவரும் இரசாயனப் பொருள்களுந் தம்பங்குக்குச் சிறிது நைதரசனை விடும். இதனால் நல்ல ஆய்வாளர் மாதிரி இல்லாத வெறுங் குழாயையும், அளவு அறிந்த நியமங்களையும் ஒவ்வொரு நாளும் உடன் அளப்பர். தம் பிழையின் அளவை அறியாதவன் பொருளின் அளவையும் அறியான் என்பது எமக்கு இப்பாடத்திற் கிடைத்த பெரிய நீதி.

வயல் சொன்ன விடை

உணவு விவசாய நிறுவனமும் சருவதேச அணுசத்தி முகவர் நிலையமும் 1964 இல் வியன்னாவிற் கூட்டுப் பிரிவொன்றை அமைத்தன. நைதரசன்-15 இட்ட உரங்களைக் கொண்டு பல நாடுகளின் நெல்வயல்களிற் செய்த ஆறாண்டு ஆராய்ச்சியின் அறிக்கை 1970 இல் வெளியாயிற்று. அதன் முடிவு கமக்காரருக்கு நேரே பயன்படுவது. வெள்ளங் கட்டிய வயலில் அமோனியம் உரத்தை மேலே தூவுவதினும், மண்ணில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் இடுதல் நன்று. நைத்திரேற்று உரம் அவ்வயலுக்கு ஏற்றதன்று.

காரணமும் அறியத்தக்கதே. நீர் தேங்கிய மண்ணின் மேற்பரப்பில் ஒட்சிசன் உள்ள மெல்லிய படையுண்டு. அங்கே நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்று கீழே ஒட்சிசனற்ற படைக்கு இறங்க, அங்குள்ள வேறு நுண்ணுயிர்கள் அதனை மீண்டும் நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விடும். காசு கொடுத்து வாங்கிய உரம் வந்த வழியே காற்றுக்குத் திரும்பிவிடும். ஆழத்தில் இட்டால் அமோனியம் அமோனியமாகவே நின்று வேருக்கு உதவும்.

எல்லையும் ஏற்றமும்

ஒளிமுறைக்கு எல்லை உண்டென்பதையுஞ் சொல்லவேண்டும். இயற்கையளவில் 29 இன் சிகரம் 28 இன் சிகரத்தில் 136 இல் ஒரு பங்கே. அவ்வளவு சிறிய சிகரத்தை நுட்பமாக அளக்க இம்முறையால் முடியாது. அடையாளமிட்ட உரத்தைப் பின்தொடர இது போதும்; இயற்கையில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அறியத் திணிவுநிறமாலைமானியே வேண்டும். மாதிரியைத் தானே எரித்துத் தானே அளக்கும் அத்தகைய கருவிகள் இன்று பெரும்பாலான ஆய்வுகூடங்களில் இடம்பிடித்துவிட்டன.

இவ்வேறுபாடு நமக்கு வெறும் நூற்செய்தியன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணக்கற் பாறையில் ஊறும் நிலத்தடி நீர். பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்தமை ஆய்வுகளால் வெளியாகியுள்ளது. நைத்திரேற்று மிக்க நீர் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கும். தோட்டத்து உரமா, மலகூடக் குழியா, எரு மேடா அதற்குக் காரணமென்று வாதிடுவோர் பலர். வாதத்தாற் கிணறு தூயதாகாது. கிணற்றில் ஏற்கெனவே உள்ள நைத்திரேற்றின் மூலத்தை ஆராயத் திணிவுநிறமாலைமானி துணைசெய்யும். இன்று நாம் இடும் உரத்தில் எவ்வளவு பயிருக்கு, எவ்வளவு கிணற்றுக்கு என்பதை அறிய, அடையாளமிட்ட நைதரசனும் ஒரு சிறு ஒளிரும் குழாயும் போதும்.

உரம் வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் ஒருவரையொருவர் பழிக்கின்றனர். ‘எவ்வளவு, எங்கிருந்து, எங்கே’ என்ற மூன்று வினாக்களுக்கும் அளந்து விடை காணாதவரை இரு சாராரும் இருளிலேயே நிற்பர். அம்மாணவனுக்கு அன்று தெரியாதென்று சொன்னதற்காக யாம் நாணவில்லை; அறிந்தபின் சொல்லாதிருந்தால் நாணவேண்டும். அடுத்த வாரமே வகுப்பில், “தம்பி, நெல்லில் எழுதியிருக்கிறது; வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்” என்று விடை கூறினோம்.

எம் கல்லூரியின் பழைய மாணவரிற் பலர் இன்று விஞ்ஞானிகளாகவும் விவசாய அலுவலராகவும் வைத்தியராகவும் உலகெங்கும் பணியாற்றுகின்றனர். அவ்வெழுத்தை வாசிக்க வல்லவர் அவர்களிடையே உளர். தாம் பிறந்த மண்ணின் வயலையுங் கிணற்றையும் அவர்கள் ஒருமுறை வாசித்துத் தருவாராயின், இக்கல்லூரி அவர்களுக்கு எழுத்தறிவித்த பயனை முழுவதும் பெற்றதாகும்.